சின்ன வேலை

பல்லைப் புடுங்குனதுதான் தப்பு. அங்கதான் எல்லாம் கெட்டுச்சு.

நீங்கதான தம்பி கேட்டீங்க, ஆம்புலன்ஸுல யாருன்னு. என் சம்சாரம். பாம்பூஃப்ளாட் கரை வர்ற வரைக்கும் பெர்ரியில வேற என்ன வேலை. கேளுங்க.

தாடையில கேன்சர். வெத்தலை, பொகையிலை. அட, சொல்லாம இருப்பனா? அவ கேக்கணுமே.

மெயின்லேண்டுக்குக் கப்பல்ல கூட்டிட்டுப் போனேன். சென்னையில அறுத்தாங்க. கரண்டும் வச்சாங்க, அதான் ரேடியேஷன். திரும்பி வந்து கொஞ்ச நாள்ல பல்லு வலி.

நம்ம தீவுப் பழக்கம் தெரியும்ல. பெரிய வேலைன்னா மெயின்லேண்ட். சின்ன வேலைன்னா இங்கயே. பல்லு சின்ன வேலை. டெலானிபூர் பக்கம் பல்லு டாக்டர் ஒருத்தர் டக்குனு புடுங்கிட்டார். சலோ, வலி விட்டுச்சுன்னு வந்துட்டோம்.

விடல. கரண்டு வச்ச தாடையில அப்பிடிப் புடுங்கக் கூடாதாம். புண்ணு ஆறாதாம். எலும்பு உள்ளயே செத்துப்போச்சு.

அதைத்தான் நானும் கேட்டேன், யாரு சொல்லணும்னு. கரண்டு டாக்டர் சொல்லியிருப்பார்னு அறுத்தவர் இருந்துட்டார். அறுத்தவர் சொல்லியிருப்பார்னு கரண்டு டாக்டர். பல்லு டாக்டருக்கு இவ சென்னை போய்ட்டு வந்ததே தெரியாது. எல்லாம் நல்ல டாக்டருங்கதான். ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல, அவ்ளோதான்.

அப்புறம் கேன்சரும் திரும்பி வந்துச்சு. கழுத்துல.

இங்க ஆஸ்பத்திரியில சௌமியான்னு ஒரு டாக்டரம்மா. வலிக்கு மருந்து குடுக்கிறவங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசாம இனிமே இவளத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. உக்கார வச்சாங்க. மேசையச் சுத்தி இங்க உள்ளவங்க, டிவியில சென்னைக்காரங்க. எங்களுக்கும் நாற்காலி போட்டாங்க. நடுவுல நெட்டு போயிப்போயி வந்துச்சு, அது எப்பவும்தான்.

தாடைய முழுசா எடுத்துரலாம்னார் ஒருத்தர். ஒடம்பு தாங்காதுன்னார் இன்னொருத்தர். மருந்து ஏத்திப் பாப்பமேன்னு வேற ஒருத்தர். இங்கிலீஷு பாதி, ஹிந்தி பாதி. நான் எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். மறுபடி கப்பல்தான்னு நெனச்சேன்.

இவளுக்குப் பேச்சு வராது. எச்சி ஒழுகும், துண்டு வச்சுப் பொத்திக்கிட்டே இருப்பா. அந்தத் துண்டை எடுத்துக் கீழ வச்சா. மேசையில தட்டுனா. அம்புட்டுப் பேரும் வாய மூடிட்டாங்க. ஜன்னலக் காட்டுனா. ஜன்னல்ல என்ன, தண்ணி. தண்ணிக்கு அந்தப் பக்கம் எங்க வீடு இருக்கிற கரை. அப்புறம் கையை விரிச்சு, போதும்னா.

டாக்டரம்மா எந்திரிச்சு வந்து அவ கையப் புடிச்சாங்க. வீட்டுக்கே வந்து வலி பாத்துக்கிறோம்னாங்க. டிவியில இருந்தவரும் சரின்னார். அன்னைக்கு எல்லாரும் ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.

அச்சா, பாம்பூஃப்ளாட் ஜெட்டி வந்துருச்சு. பைக்கைத் தள்ளுங்க, வண்டி மொதல்ல எறங்கட்டும்.

கொணமாயிடுச்சான்னா? இல்ல தம்பி. சாகத்தான் வீட்டுக்கு வர்றா. இன்னும் ஒரு மாசம் இருப்பாளாம், வலி தெரியாம.

முகத்த அப்பிடி வச்சுக்காதீங்க. பேசிக்காமக் கெட்டது, பேசிச் சரியாயிடுச்சு. சரி பண்ணது எந்த டாக்டரா? டாக்டர் இல்ல.

சொர்ணம்மா. வண்டிக்குள்ள படுத்திருக்காளே, அவதான்.