மதகடியில் கவரேஜ் இருக்கிறது

மாலை ஆறே முக்கால். மல்லாவியிலிருந்து மாங்குளம் வருகிற வீதி. இரண்டு பக்கமும் காடு... ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

போன்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். எங்கள் ராசுவின் மச்சான் சுஜிதனுக்கு நடந்தது இது.

சுஜிதன் ஒரு விதைநெல் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். பகலெல்லாம் வயல் வயலாக அலைவான். ஏழு மணிக்குள் அன்றைய ரிப்போட் போனில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மனேஜர் குரூப்பில் பெயரைப் போட்டுக் கிழிப்பார். இரண்டு தரம் கிழித்தாயிற்று. மூன்றாவது தரம் என்றால் வேலை போய்விடும். பாவம், நித்திரையிலும் போனைத் தடவுவான்.

அந்த வீதியில் கவரேஜ் கிடைப்பது ஒரேயொரு மதகடியில்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றார். அதே கம்பனி ரீசேட் போட்டிருந்தார். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி... பச்சைப் பெற்றோல் மணம். ஆனால் அவர் பக்கத்தில் வாகனம் எதுவும் இல்லை. அதைக் கவனிக்க இவனுக்கு ஏது நேரம்? அவசரமாக ரிப்போட்டை ஏற்றினான்.

"தம்பி, உமக்குப் போகுதோ?"

"ஓம் அண்ணை, போயிட்டுது."

"எனக்குப் போகேல்லை. கனநேரமா நிக்கிறன்..."

அழுகிற குரல். சுஜிதனுக்கு மனம் இளகிவிட்டது. தனக்கும் இருக்கிற அதே பயம்தானே!

"என்ர டேட்டாவில கொழுவுங்கோ அண்ணை" என்று ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, பாஸ்வேட்டையும் சொல்லிக் கொடுத்தான்.

'ஒருவர் இணைந்துள்ளார்' என்று திரையில் வந்தது. காதருகே ஒரு பெருமூச்சு... திரும்பினான். மதகில் யாரும் இல்லை.

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றுமுன் மனேஜர் போனில் கூப்பிட்டார்.

"ஐசே, சதீஸின்ர பேரில ரிப்போட் வந்திருக்கு. ஆர் இந்த விளையாட்டு விடுறது? அந்தாள் மாசியில மதகடியில ரிப்பர் லொறி அடிச்சுச் செத்தது தெரியாதோ? நீர் வந்ததே அவற்ற இடத்துக்குத்தானே!"

சுஜிதன் மதகடியில் நடந்ததை வீட்டில் சொன்னான். மனைவி நிரோஜா போனைப் பறித்து நிறுத்தி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"காணும். இந்த வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். படுங்கோ."

அவர் ரிப்போட்டை அனுப்பிவிட்டார், இனி நிம்மதியாகப் போய்விடுவார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு படுத்தான்.

ஆனால் அந்தக் கம்பனியில் ஒரு முறை இருக்கிறது. ரிப்போட் ஏறியதும் மறுநாள் பார்க்க வேண்டிய வயல்களின் பட்டியல் தானாகவே போய்விடும். சதீஸுக்கும் போயிருந்தது. பன்னிரண்டு வயல்.

விடிய எழும்பி முற்றத்துக்கு வந்தான். மோட்டார் சைக்கிள் விட்ட இடத்திலேயே நின்றது. ரயர் முழுக்க ஈரச் சேறு. எஞ்சினில் கை வைத்தவன் வெடுக்கென்று எடுத்தான். சுட்டது.

அப்போதுதான் உள்ளே, பூட்டிய அலுமாரிக்குள், நிறுத்தி வைத்த போன் சத்தம் போட்டது. திறந்தான். திரையில் ஒரு செய்தி...

"பதினொண்டு முடிஞ்சுது தம்பி. பன்னிரண்டாவதுக்கு நீரும் வாரும். மதகடியில நிக்கிறன்."