சத்தம் வேண்டாம் என்றவர்

காலடிப்பேட்டையில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் இருந்தவர் தன் பக்கத்தில் இருந்தவரிடம், "சத்தம் வராட்டி பரவால்ல தம்பி" என்றார். லேப்டாப் பையை மடியில் வைத்திருந்த அந்தத் தம்பி ரிப்பேர் கடைக்காரர் என்று பேச்சில் தெரிந்தது.

"இன்னாணா இப்டி சொல்ற? இது பழைய லேப்டாப்பு. புது ஓஎஸ்ஸுக்கு கம்பெனி டிரைவர் சாஃப்ட்வேரே குடுக்கல. ரெண்டு நாளா நெட்ல தேடி மாத்தி மாத்தி போட்டு பாத்தேன். ஒண்ணு போட்டா சத்தம் வருது, கேமரா படுத்துக்குது. இன்னொண்ணு போட்டா கேமரா வருது, சத்தம் இல்ல. அதான் சத்தத்த வெச்சிட்டேன்."

"கேமராவ வெய்யி."

"ஊமப்படமா பாக்கப் போற?"

"என் பொண்ணு ஆஸ்டல்ல கீது. அதுக்குக் காது கேக்காது. கையாலதான் பேசிக்குவோம். போன்ல கை முழுசா தெரியல, பாதி பேச்சு போய்டுது."

கடைக்காரர் லேப்டாப்பை வெளியே எடுத்தார். தேரடி ஸ்டாப் வரும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு திரையைப் பெண்ணின் அப்பா பக்கம் திருப்பினார்.

"மூஞ்சி தெரியுது" என்றார் அவர்.

"மூஞ்சி கெடக்கட்டும்ணா. ரெண்டு கையையும் தூக்கு, முழுசா தெரியுதான்னு பாப்போம்."