ரோசாப்பூ வாசனை

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் வாயை மறைத்துக்கொண்டுதான் அந்த அம்மா சொன்னார். எனக்கும் கேட்டுவிட்டது.

“ராத்திரிக்குன்னு நீங்க வாங்கியாந்தீங்களே ஜெல்லு, அதுல ரோசாப்பூ வாசனைக்குப் போட்டிருக்கிற மருந்துதான் எரிச்சலுக்குக் காரணமாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

கணவர் அவர் பக்கம் குனிந்தார்.

“நீ தள்ளித் தள்ளிப் படுத்தியா, என்னய வெறுத்துட்டியோன்னு நெனச்சேன்.”

“ஒங்களயா? அந்த ஜெல்லத்தாங்க.”

“வாசன இல்லாதது இருக்காமா?”

“வெக்கத்த விட்டுக் கேட்டேன். இருக்காம். பாமசியில மருந்தோட மருந்தா விக்கிறாங்களாம். ஒண்ணும் செய்யாதாம்.”

அவர் எழுந்து பெல்லை அடித்தார்.

“நம்ம எறங்குற எடம் இன்னும் வரலீங்களே?”

“பாமசி வந்திருச்சு, புள்ள.”