குப்பைக்கூடையில் போன புத்தகங்கள்

அதான் மேடம் சொல்ல வந்தேன். கீசா பெரியவர் வேலையவிட்டு ஓய்வு பெற்ற அன்னைக்கு, இதே நூலக ஹால்ல மைக்கப் பிடிச்சு ஒண்ணு சொன்னாரு. நான் குப்பைன்னு தூக்கிட்டுப் போனதெல்லாம்... அப்படின்னு ஆரம்பிக்கும். பாக்கி மறந்துபோச்சு. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு, கண்ணு பூரா மண்டாஸிப் பலகாரத் தட்டு மேலதான். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு நேர் மேல ஒழுகும். இப்படி வாங்க, வாளிய நகத்திக்கிறேன்.

சாய் சொல்லட்டுமா? வேணாமா. சரி. பதிவேடு இருக்கு, தரேன். நைரோபியிலேர்ந்து மட்டாட்டு வேன்ல இடிபட்டு வந்திருக்கீங்க, வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்.

முதல்ல இதக் கேளுங்க. இந்த நூலகம் கட்டினப்ப எங்காளுங்க உள்ள வரக் கூடாது. வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். எங்கள்ல ஒருத்தர்தான் தினமும் உள்ள வந்தாரு, துடைப்பத்தோட. அவர்தான் கீசா. ஒரு துரைசானி உயில் எழுதி வச்சுட்டுப் போன புத்தகங்கள்ல இருநூத்திப் பன்னெண்டு காணோம்னு உங்க அறக்கட்டளை தேடுதே, அத்தனையும் அவர் குப்பைக்கூடையிலதான் போச்சு. தூசிக்கு அடியில, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டா.

யாரும் கண்டுபிடிக்கலையாவா? வருஷாவருஷம் கணக்கெடுப்புல குறைஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு. கமிட்டி அம்மாங்க ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டு, கிளப்புல முகம் பார்த்துப் பேசுறதையே நிறுத்திட்டாங்க. டாக்டர் சம்சாரத்தோட கைப்பையக் கூட ஒருதடவ துழாவினாங்களாம். கீசாவ மட்டும் ஒரு வார்த்தை கேக்கல. படிக்கத் தெரியாதவன் புத்தகத்த எடுத்து என்ன பண்ணப் போறான்?

நிஜமாவே தெரியாது மேடம். பின்ன எப்படிப் பொறுக்கினாருங்கறீங்க. பின்னட்டைக்கு உள்பக்கம் தேதித் தாள் ஒட்டியிருக்கும்ல, ஊதா மையில முத்திரை குத்தி. அது நெறைஞ்சிருந்தா நல்ல புத்தகம். காலியா இருந்தா, வெள்ளைக்காரனே தொடல, நமக்கெதுக்குன்னு விட்டுடுவாரு. அதனால நாங்க குடியிருந்த மஜெங்கோவுக்கு என்ன வந்துச்சுங்கறீங்க? சரித்திரமும் தத்துவமும் அலமாரியிலயே தூங்குச்சு. எங்க குடிசைங்களுக்கு வந்தது முக்கால்வாசி கொலைக்கதை. நான் முதல்ல கத்துக்கிட்ட இங்கிலீஷ் வார்த்தை கார்ப்ஸ், சடலம். சிரிக்காதீங்க. அப்புறம் ரோஜாச் செடிய கவாத்து பண்றது எப்படின்னு ஒண்ணு. கல்யாண கேக் ஒண்ணு. மாட்டு வைத்தியம் ஒண்ணு.

கிழிஞ்சு போன புத்தகத்துக்கு மட்டும் பதிவேட்டுல கழிக்கப்பட்டதுன்னு முத்திரை குத்தி, கீசாகிட்டயே குடுத்து எரிக்கச் சொல்வாங்க. அதக் குத்திட்டா அப்புறம் நூலகத்துக்கு அதுமேல உரிமை இல்ல. இவர் கூடையில எடுத்ததுக்கு அந்த முத்திரை கிடையாது. அதான் அத்தனையும் பதிவேட்டுல இன்னமும் உசுரோட நிக்குது, நீங்களும் வந்து நிக்கிறீங்க.

அந்த மாட்டு வைத்தியம் இப்ப மஜெங்கோவுல நெகேசா அம்மா வீட்டுல இருக்கு. போன மாசம் கண்ணால பார்த்தேன். பசு கன்னு போட முடியாம தவிக்குது, அம்மா முழங்கை வரைக்கும் உள்ள விட்டுக்கிட்டு, டேய் மக்கோகா, எண்பத்தி மூணாம் பக்கத்தப் புரட்டுடா, பதினெட்டு வருஷம் இங்கிலாந்துல புத்தகம் அடுக்கினியே, வேகமாப் புரட்ட யாரும் சொல்லித்தரலையான்னு கேக்குறாங்க. புரட்டினேன். கன்னு பொழச்சுது. கன்னப் பிடிச்ச என் கையிலேர்ந்து பக்கத்துல ரத்தம் பட்டுடுச்சு. பதறிப்போய்த் தொடைச்சேன். அந்தப் பக்கத்துல ஏற்கனவே அம்பது வருஷத்து ரத்தம் இருந்துச்சு மேடம்.

அன்னைக்குத்தான் பின்னட்டையத் திறந்து பார்த்தேன். துரைமார் தேதி நெறைஞ்சதோட எங்காளுங்க நிறுத்தல. ஊகாலி கிண்டுற சோள மாவுல பசை காச்சி, அதுமேலயே இன்னொரு தாள ஒட்டியிருக்காங்க. அதுவும் நெறைஞ்சு இன்னொண்ணு. எடுத்தவங்க பேரு, தேதி, பென்சில்ல. அப்புறம் வீடுவீடாப் போய் ஒவ்வொண்ணாத் திறந்தேன். செத்தவங்க, ஜெயிலுக்குப் போனவங்க, நீதிபதி ஆன ஒருத்தி. எங்க அப்பா பேரு ரோஜாப் புத்தகத்துல நாலு தடவ இருக்கு. எங்க வீட்டுல ஒரு ரோஜாச் செடி கிடையாது. அவர் எதுக்கு அத நாலு தடவ படிச்சாருன்னு கேக்கறதுக்கு இப்ப ஆள் இல்ல.

ஆமா, புத்தகங்களத் திரும்ப வாங்கி நீங்க வைக்கப்போற கண்ணாடி அறை. நீங்க அனுப்பின படத்தப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. கையுறை போட்டுத்தான் தொடணும். பின்னாடி ஒட்டின தாளெல்லாம் பிரிச்சு, பழைய நிலைமைக்குக் கொண்டு வருவோம்னு எழுதியிருந்தீங்க. நானே இங்கிலாந்துல, லீட்ஸ் நூலகத்துல அந்த வேலையப் பண்ணியிருக்கேன், ஆவி காட்டி எடுக்கணும். சுத்தமா வந்துடும். பென்சில் எழுத்து ஒண்ணு மிஞ்சாது.

கூரை விஷயமும் தெரியும் மேடம். புத்தகம் முழுசாத் திரும்பினா புதுக்கூரை, கையெழுத்துப் போட்டே குடுத்திருக்கீங்க. இங்க நாலாயிரம் புத்தகம் நனையுது. மூணு நாளா என்னால ஒரு இடத்துல உக்கார முடியல. வாளி நெறைஞ்சா எந்திரிக்கிறேன், நெறையலன்னாலும் எந்திரிக்கிறேன். இதோ, பாருங்க, மறுபடியும் எந்திரிச்சுட்டேன்.

அந்த மொட்டைக் கடுதாசியா? மஜெங்கோவுல வீட்டுக்கு வீடு இருக்குன்னு உங்களுக்கு எழுதிப்போட்டது யாருன்னா கேக்குறீங்க? நான்தான். ஊருக்குத் திரும்பி, இந்த நாற்காலியில நூலகரா உக்கார்ந்த ரெண்டாம் மாசம். ஒழுகுற கூரைய அண்ணாந்து பார்த்துட்டு எழுதினேன். அப்ப ஒரு புத்தகத்தோட பின்னட்டையக் கூட நான் திறந்து பார்த்திருக்கல.

ஆங், ஞாபகம் வந்துடுச்சு. நான் குப்பைன்னு தூக்கிட்டுப் போனதெல்லாம், யாராவது திரும்பக் கேட்டு வந்தா, குப்பைன்னே சொல்லிடுங்கன்னாரு. ஹால் பூரா சிரிச்சுது. மேடையில இருந்த அதிகாரிங்களும் சிரிச்சாங்க, என்னன்னு புரியாமலே.

இந்தாங்க பதிவேடு. பாத்துத் தொடுங்க, மை இன்னும் காயல, கையில ஒட்டும். எதக் கழிக்கிறதுங்கறது நூலகர் கையில, விதியிலயே இருக்கு. காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி, இருநூத்திப் பன்னெண்டு வரியிலயும் கழிக்கப்பட்டதுன்னு முத்திரை குத்திட்டேன்.