கடதாசிக் குவளை வரியை அழிக்க மறுத்த ஆசிரியருக்கு

குருநகர்க் கடற்காற்றிலே பிறந்து, குடாநாட்டு மாணவர் நெஞ்சிலே நிறைந்து, முப்பத்தொரு ஆண்டுகள் மானிடவியல் கற்பித்து, இன்று பணி நிறைவு காணும் திருமதி யோசப்பின் சிமியோன் அவர்களே! சொல்லிலே மென்மையும் சொன்னதிலே திண்மையும் கொண்ட பெருந்தகையே! ஆசிரியர் நாங்கள் அனைவரும் தங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

பண்பாடு என்றால் நல்லொழுக்கம் என்று எழுதிக்கொண்டு வரும் ஒவ்வொரு மாணவர் அணியையும், "அப்ப பண்பாடு இல்லாத மனிசர் எங்கை இருக்கினம், காட்டுங்கோ பாப்பம்" என்ற ஒரே கேள்வியால் திகைக்க வைத்தீர்கள். உண்பதும் உடுப்பதும், கும்பிடுவதும் கோபிப்பதும், பிறந்தபின் பிறரிடம் பழகிக்கொண்ட யாவும் பண்பாடே என்று உணர்த்தினீர்கள். அதை எனக்கு உணர்த்தத் தாங்கள் பட்ட பாடுதான் பெரிது. துறைத் தலைவனாகிய நான் அதை மறைத்தால் இம்மடல் பொய்யாகிவிடும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், "எந்நாளும் மீனவர் வீடுகளைத்தானே ஆராயிறம். கமக்காரர் வீட்டையும் பாப்பம் சேர்" என்றீர்கள். உழவர் குடும்பத்தவன் என்ற பெருமையோடு மருதனார்மடத்திலுள்ள என் வீட்டையே திறந்துவிட்டேன். நான்கு மாணவிகள் மூன்று சனிக்கிழமைகள் வந்தார்கள். அவர்களுள் ஒருத்தியான, குருநகர் மீனவக் குடும்பத்துப் பிரியந்தினி தன் அறிக்கையில் எழுதினாள்: "மற்ற மூவருக்கும் பீங்கான் குவளையிலும் எனக்குக் கடதாசிக் குவளையிலும் தேநீர் தரப்பட்டது, மூன்று நாட்களும்."

எனக்கு முகம் எரிந்தது. "வேணுமெண்டு செய்யேல்லை ரீச்சர். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கோ" என்றேன்.

"வேணுமெண்டு செய்யேல்லைத்தான். யோசியாமல் கை தானாப் போகுதே, அதைத்தானே சேர் நாங்கள் பண்பாடு எண்டு படிப்பிக்கிறம்? பிள்ளை கண்டதை எழுதினவள். அழிக்கமாட்டம்" என்றீர்கள்.

நான் ஒப்பமிடவில்லை. ஏழு வாரம் அறிக்கை என் மேசையில் கிடந்தது. மாணவியின் பெறுபேறு தடைப்பட்டது. "ஒரு வரிதானே" என்று ஆசிரியர் கூட்டமும் என் பக்கமே நின்றது. இன்று இங்கே கைதட்டுவோர் சிலரும் அதில் அடக்கம். தாங்கள் குரலை உயர்த்தவில்லை. திங்கள்தோறும் என் அறை வாசலுக்கு வந்து, "கையெழுத்து, சேர்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனீர்கள்.

எட்டாம் வாரம் என் மனைவி தயாளினியிடம் கேட்டேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. "கடற்கரைச் சனம் வந்தால் அவையளுக்கெண்டு மாமி வேறை தேத்தண்ணிப் பேணி வைச்சிருந்தவ. அவ போனாப்பிறகு நான் பேப்பர் கப் வாங்கி வைச்சனான். ஏனெண்டு ஒருநாளும் யோசிக்கேல்லையப்பா" என்றாள்.

மறுநாள் ஒப்பமிட்டேன். இருவரும் குருநகர் சென்று பிரியந்தினியிடம் மன்னிப்புக் கேட்டோம். "நான் கோவத்திலை எழுதேல்லை சேர். ஆனால் திரும்பவும் வருவன், திரும்பவும் எழுதுவன்" என்றாள். தங்கள் மாணவியல்லவா! அடுத்த ஆண்டும் வந்தாள், மற்றவர்களைப் போலவே பீங்கான் குவளையில் தேநீர் குடித்தாள். பழகிக்கொண்டதை விட்டொழிக்கவும் மனிதரால் முடியும் என்பதை என் வீட்டிலேயே கற்றேன்.

தங்கள் ஓய்வோடு இப்பாடத்தை வேறொன்றுடன் இணைத்துவிடலாமா என்று மேலிடம் கேட்டது. முடியாது என்று பதினொருவரும் எழுதி அனுப்பிவிட்டோம். களப்பணியும் நிற்காது. வரும் மாசி தொடக்கம், அன்று தங்களை எதிர்த்தவர் உட்பட ஒவ்வொருவரும் தத்தம் வீட்டை மாணவருக்குத் திறந்துவைப்போம். எவர் வீடு எந்தச் சனிக்கிழமை என்பதும் எழுதியாகிவிட்டது.

முழங்கால் வலி நீங்கி, கண்ணொளி குன்றாது, கணவரோடும் மக்களோடும் நூறாண்டு கடந்து வாழ்க! அறிக்கைகளைத் திருத்தத் தாங்களே வரவேண்டும், மறுக்க விடமாட்டோம்.

இங்ஙனம்,
செல்வரட்ணம், துறைத் தலைவர்,
ஆசிரியர் பதின்மருடன்