சாயவிரல்காரி

பொலிஸ் நிலையத்துத் தேநீரில் சீனி கொஞ்சம் கூட, தங்கச்சி கஜேந்தினி. குறையாகச் சொல்லவில்லை. என் வாக்குமூலம் இவ்வளவையும் எழுதப்போகிற உங்களுக்குத் தெம்பு வேண்டும்தானே.

என் கணவர் ஸைனுலாப்தீனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்முனை ஓட்டோக்களில் பாதி அவர் எழுதிய பாட்டில்தான் ஓடுகின்றன. எல்லாப் பாட்டும் ஒருத்தியைப் பற்றித்தான். சாயம் ஒட்டிய விரல்காரி. அவள் சிரித்தால் தறி நின்றுவிடுமாம். கேட்டு ஊரே அழுதது. மீன் வாங்கப் போனால் பெண்கள் என்னைப் பாவமாகப் பார்த்து வழிவிடுவார்கள். அந்த மட்டில் எனக்கும் லாபம்.

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்குச் சொந்தம், மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். என் விறாந்தையில், என் கதிரையில் இருந்து, நான் ஊற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டுதான் அவர் அவளுக்காக உருகினார். பிரிவில் வாடுகிற மனிதருக்கு நல்ல பசியும் எடுக்கும். புட்டு, கணவாய்க் கறி, மேலே ஒரு கோப்பை தயிர். பாட்டுக்கு அவள், சமையலுக்கு நான்.

ஒருமுறை கேட்டேன், யார் இந்தப் பிள்ளை என்று. அவர் என் முகத்தையே பார்த்துச் சிரித்தார்.

"அவ இப்ப இல்ல புள்ள. அவளப்போல இனி ஒருத்தியும் வரமாட்டா."

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து புதுப் பாட்டைப் பாடிக் காட்டினார். நீ இல்லாமல் எனக்கு மூச்சு எதற்கு என்று முடிந்தது. நல்ல வரி. அவருக்குத் தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கும். குளிக்கப் போன நேரம் சேர்ட் பையில் கிடந்த, மூச்சுக்கு மருந்தடிக்கிற பம்ப்பை எடுத்துக் குசினியில் அரிசி வாளிக்குள் புதைத்தேன். பிறகு செத்தல் மிளகாய் வறுத்தேன், சம்பலுக்கு வேண்டுமே. கொஞ்ச நேரத்தில் இழுப்புத் தொடங்கியது. மூச்சு வேண்டாம் என்றவர் பம்ப்பைத் தேடி அலுமாரியெல்லாம் கொட்டினார். நான் எதிரே கதிரையில் இருந்தேன்.

"ஆரு அவ? பேரச் சொல்லுங்க, எடுத்துத் தாறன்."

கேட்டது ஒரு பெயர்தான். அவருக்குக் குரல் வரவில்லை. கையைத் தூக்கி ஒரு விரலை என் பக்கம் நீட்டினார். விழுந்த பிறகும் அந்த விரல் மடங்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்.

"அக்கா, கலியாணத்துக்கு முதல் நீங்க நெசவுசாலையில நூலுக்குச் சாயம் போட்டீங்களாமே?"

ஓம், போட்டேன். மருதமுனையில் யார்தான் போடவில்லை? இவரும் அப்போது வேலை செய்த துணிக்கடைக்குச் சாரம் எடுக்க அங்கே வந்துபோவார். விரலில் ஒட்டிய நீலம் லேசில் போகாது. அப்போது நான் சும்மா சும்மா சிரிப்பேன். அதற்காக? என்னைப் பற்றி யாராவது அவ்வளவு அழகாக எழுதுவார்களா?

கொன்றது நான்தான், அதை அப்படியே எழுதுங்கள். ஆனால் கடைசியில் அவர் காட்டியது என்னையல்ல, பம்ப்பை. அது அரிசி வாளிக்குள் கிடந்ததே என்று பார்க்காதீர்கள். பம்ப் என் கையில் இருந்தது என்று எழுதுங்கள், தங்கச்சி. கையெழுத்து வைக்கிறேன்.