மாம்பழக் கலர்

சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பஸ் நிரம்பிய பிறகும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், இருவருமே நல்ல கறுப்பு. மூத்தவருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வேலை, இளையவருக்குப் பக்கத்துப் பாத்திரக்கடை என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"இன்னைக்குக் கண்ணாடியில பாத்தேன், நல்லா இருந்தேன். அப்ப புடிச்சு வயிறு எரியுது" என்றார் மூத்தவர்.

"நல்லா இருந்தா எதுக்குக்கா வயிறு எரியணும்?"

"கேளு. நான் சேந்த புதுசுல மொதலாளியம்மா சொன்னா, 'நீ சேலைய தோள்ல போட்டுக் காட்டாண்டாம், உன் நிறத்துக்கு எடுக்காது'ன்னு. பத்தொம்பது வருஷமா நான் எடுத்துக் கொடுப்பேன், வெளுத்த பிள்ளைங்க போட்டுக் காட்டும். இன்னைக்கு நம்ம நிறத்துல ஒருத்தி வந்தா. 'சேச்சி போட்டுக் காட்டுங்க, அப்பதான் எனக்குத் தெரியும்'னா. மாம்பழக் கலர். போட்டேன். அப்படிச் சேந்துது!"

"மொதலாளியம்மா பாத்தாங்களா?"

"பாத்தா. பழைய கதைய சொல்லிக் கேட்டேன். 'நானா? எனக்கு ஓர்மையே இல்லியே'ன்னு சிரிச்சா. அவ ஒரு நாள் சொன்னா. மிச்ச நாளெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். கறுத்த பிள்ளைங்க வந்தா மங்கின கலராத்தான் எடுத்துப் போடுவேன். மஞ்சளத் தொடவே விடமாட்டேன்."

பஸ் கிளம்பியது. இளையவர் மூத்தவர் பக்கம் திரும்பினார்.

"என் கல்யாணச் சேலையும் நீங்கதானேக்கா எடுத்துப் போட்டீங்க."